ஜிஆர்இ வகுப்புக்குப் பணம் கட்டும் முன்

"ஜிஆர்இ எழுதப் போகிறேன், எந்த வகுப்பில் சேரலாம்?" வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் எழுதும் இந்தத் தேர்வைப் பற்றி இப்படியொரு கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. என் பதில் எப்போதும் ஒன்றுதான். இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். முதலில் ஒரு மாதிரித் தேர்வு எழுதுங்கள்.

தேர்வை நடத்தும் ஈடிஎஸ் நிறுவனமே பவர்பிரெப் என்ற பெயரில் இலவச மாதிரித் தேர்வுகள் தருகிறது. எதுவும் படிக்காமல், நடுவில் எழுந்து போகாமல், 1 மணி 58 நிமிடமும் உட்கார்ந்து எழுதுங்கள். மதிப்பெண் குறைந்தால் பரவாயில்லை. எந்த வகைக் கேள்வியில் சறுக்குகிறோம் என்று தெரிவதுதான் முக்கியம்.

நான் இதைச் செய்யவில்லை. ஒரு பயிற்சி நிலையத்தில் முழுத் தொகையையும் முன்பே கட்டிவிட்டேன். பாதி வகுப்புகள் சதவீதம், விகிதம் என்று கணிதத்திலேயே போயின. எனக்குக் கணிதத்தில் பெரிய சிக்கல் இல்லை. தடுமாறியது வெர்பலில், அதாவது ஆங்கில மொழிப் பகுதியில். அதற்கு அவர்கள் தந்தது நீளமான ஒரு சொற்பட்டியல், மனப்பாடம் செய்யச் சொல்லி.

இன்றைக்கும் பலர் அந்தப் பட்டியலைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். சொற்கள் தெரிய வேண்டும், சரி. ஆனால் கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வியில் இரண்டு மூன்று இடங்கள் இருந்தால் எல்லாமே சரியாக இருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் மதிப்பெண் கிடையாது. வாக்கியம் எங்கே திரும்புகிறது, எந்தச் சொல் முன்னே சொன்னதை மறுக்கிறது என்று பார்க்கத் தெரியாவிட்டால், பட்டியல் முழுவதும் தலைகீழாகத் தெரிந்தும் பயனில்லை. நல்ல ஆசிரியர் இதைத்தான் சொல்லித் தருவார். மாதிரி வகுப்பில் உட்கார்ந்து இதைக் கவனியுங்கள்.

பழைய புத்தகம் கிடைத்தால் வாங்கலாமா? கணிதத்துக்குத் தாராளமாக வாங்கலாம். எண்கணிதம், இயற்கணிதம், வடிவியல், தரவுப் பகுப்பாய்வு, இவ்வளவுதான். முக்கோணவியலோ நுண்கணிதமோ கிடையாது. ஆனால் எதிர்ச்சொல் கேள்வி இருந்தால் அது 2011க்கு முந்தைய புத்தகம், ஒதுக்கிவிடுங்கள். 2023 செப்டம்பரில் தேர்வு சுருங்கியபோது இரண்டு கட்டுரைகளில் ஒன்று போய்விட்டது. அதற்கு முந்தைய மாதிரித் தேர்வுகளை வைத்து நேரம் பழகினால் கணக்கு தப்பிவிடும்.

ஈடிஎஸ் வெளியிடும் கேள்விகளை முதல் வாரத்திலேயே தீர்த்துவிடாதீர்கள். மற்றவர்கள் தயாரிக்கும் கணிதக் கேள்விகள் பெரும்பாலும் நீளமான கணக்குகளாக இருக்கும். உண்மைத் தேர்வு பிடிப்பதோ பூஜ்யத்தில், குறை எண்ணில், பின்னத்தில். அந்தப் பழக்கம் கடைசி நாட்களில் கையில் இருக்க வேண்டும். அப்புறம், தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் ஏன் தவறியது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எனக்கு வகுப்பைவிட அந்த நோட்டுதான் கைகொடுத்தது.

வகுப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. தனியாகப் படித்தால் தொடர்ச்சி விட்டுப்போகும் என்பவர்களுக்கு அது உதவும். கட்டுரையை இன்னொருவர் படித்துத் திருத்துவதும் தேவை. யார் திருத்துவார்கள், எத்தனை கட்டுரைகள் என்று சேரும் முன்பே கேளுங்கள். "மதிப்பெண் உயராவிட்டால் பணம் வாபஸ்" என்றால் அதன் நிபந்தனைகளை வரி விடாமல் படியுங்கள்.

இன்னொன்று. நீங்கள் விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகத் துறைக்கு ஜிஆர்இ கட்டாயம்தானா என்று அந்தந்தத் துறையின் இணையப் பக்கத்தில் முதலில் பாருங்கள். பல துறைகள் இப்போது கேட்பதே இல்லை.