நரம்பு வளரும், ஆனா ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான்
அறுந்த நரம்ப கொலாஜன்ங்கற புரதத்துல செஞ்ச குழாய் வெச்சு சேக்கலாம்னு போட்டிருக்கீங்க, நல்ல விஷயம், ஆனா படிக்கறவங்க குழாய் வெச்ச மறுநாளே விரல் ஆடும்னு நெனச்சிடப் போறாங்க. காசிமேட்டுல மீன் வெட்டற எங்க மச்சானுக்கு கத்தி வழுக்கி மணிக்கட்டுல இறங்கிடுச்சு, பக்கத்து கிளினிக்ல மேல் தோல மட்டும் தச்சு அனுப்பிட்டாங்க, நாங்களும் ரத்தம் நின்னுடுச்சேன்னு விட்டுட்டோம். நம்ம ஊர்ல ரத்தக்குழாயையும் நரம்புன்னுதானே சொல்றோம், அதான் கொழப்பமே, நான் சொல்றது உணர்ச்சிய கொண்டுபோற நரம்ப. ரெண்டு வாரம் கழிச்சு சூடா டீ கிளாஸ புடிச்சவருக்கு சுண்டுவிரல்ல கொப்புளம் வந்திருக்கு, அவருக்குத் தெரியவே இல்ல!

அப்புறம் பெரிய ஆஸ்பத்திரில கெண்டைக்கால்லேர்ந்து நரம்பு எடுத்து வெச்சாங்க. கை தேறிச்சு, ஆனா நரம்பு எடுத்ததால பாதத்தோட வெளி ஓரம் இன்னிக்கும் மரத்துதான் கெடக்கு. குழாய்ல அந்த தொல்ல இல்ல, மாட்டுத் தசைநார்லேர்ந்து எடுக்கற கொலாஜன்தான் பெரும்பாலும், நாளடைவுல ஒடம்பே கரைச்சிடும். ஆனா அது வெறும் பாதைதாங்க, நரம்புதான் உள்ள தானா வளந்து வரணும், 3 சென்டிமீட்டருக்கு மேல இடைவெளின்னா இன்னமும் சொந்த நரம்புதான் பெஸ்ட்டுன்னு டாக்டர் சொன்னார். மணிக்கட்டுலேர்ந்து விரல் நுனி ஒரு சாணுக்கு கொஞ்சம் கம்மி, கணக்கு போட்டுக்கோங்க, ஆறு மாசம் சும்மா ஓடிடும். தெனம் தழும்புலேர்ந்து விரல் பக்கமா தட்டிப் பாப்பாரு, சுருக்குன்னு கரண்ட் அடிக்கற எடம் மெதுவா விரல் பக்கமா நகர்ந்துச்சு. அதான் எங்களுக்கு ரிப்போர்ட்டே.