எபிகூரஸ் சாப்பாட்டு ராமனா?

"தின்னு, குடி, ஜாலியா இரு" என்பதுதான் பழங்காலக் கிரேக்க ஞானி எபிகூரஸின் தத்துவம் என்று இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பாவம் மனுஷன். ரொட்டியும் தண்ணீரும் போதும் என்று இருந்தவர். "ஒரு சட்டி பாலாடைக்கட்டி அனுப்பு, தோன்றும்போது விருந்து சாப்பிட்டுக்கொள்கிறேன்" என்று நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய விருந்தே அவ்வளவுதான்!

இந்தக் கெட்ட பெயரை அவர் காலத்திலேயே கட்டிவிட்டார்கள். கூட இருந்துவிட்டுப் பிரிந்துபோன திமோக்ரட்டீஸ் என்பவர், எபிகூரஸ் அளவில்லாமல் தின்று தினமும் இரண்டு முறை வாந்தி எடுப்பவர் என்று எழுதிவைத்தார். உண்மையான எரிச்சல் சாப்பாட்டில் இல்லை என்றே நினைக்கிறேன். எபிகூரஸ் ஏதென்ஸில் 80 மினா (அந்தக் காலத்துக் கிரேக்கப் பணம்) கொடுத்து வாங்கிய தோட்டத்தில் பெண்களையும் அடிமைகளையும் உட்காரவைத்துத் தத்துவம் பேசினார். ஊர் சும்மா இருக்குமா? அங்கே இருந்த லியோன்டியன் என்ற பெண், அரிஸ்டாட்டிலின் வாரிசான தியோஃப்ராஸ்டஸையே மறுத்து எழுதினார். பின்னாளில் ரோமானிய எழுத்தாளர் சிசெரோ, லியோன்டியனுடைய கிரேக்க நடை அழகு என்று ஒப்புக்கொள்கிறார். அதே மூச்சில் வேசி என்றும் ஏசுகிறார். பதில் சொல்வதைவிட அது சுலபம்.

சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்று அரிஸ்டாட்டில் வாதாடிய ஊர் அது. எபிகூரஸோ கிமு 270 வாக்கில் இறந்தபோது, தன்னோடு தத்துவம் பயின்ற மீஸ் உட்பட நான்கு அடிமைகளுக்கு உயிலில் விடுதலை எழுதிவைத்தார். முன்பே இறந்துபோன நண்பர் மெட்ரோடோரஸின் பிள்ளைகளை வளர்க்கவும், மகளுக்குச் சீதனம் கொடுக்கவும் அதிலேயே ஏற்பாடு செய்திருக்கிறார்.

அவரோடு எனக்கு ஒத்துவராதது ஒன்று உண்டு. அரசியல் பக்கம் போகாதே, கண்ணில் படாமல் வாழ் என்றார். ஆனால் மாசிடோனியத் தளபதி டெமெட்ரியஸ் ஏதென்ஸை முற்றுகையிட்டபோது பஞ்சம் தோட்டத்துக்குள்ளும்தானே வந்தது? கூட இருந்தவர்களுக்குப் பயறை ஒவ்வொன்றாக எண்ணிப் பங்கிட்டு உயிர்காத்தார் என்கிறார் பழைய வரலாற்றாசிரியர் புளூட்டார்க். சாப்பாட்டு ராமன் லட்சணம் இது.

எபிகூரஸ் 300 சுருள்கள் எழுதினாராம். முழுசாக மிஞ்சியவை மூன்று கடிதங்களும் சில பொன்மொழித் தொகுப்புகளும்தான். ஆனால் கிபி 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இத்தாலியின் ஹெர்குலேனியம் நகரில் கரியாகிப்போன சுருள்களில், அவர் வழிவந்த பிலோடெமஸின் நூல்கள் நிறைய உண்டு. அங்கே கிடைத்த ஒரு சுருளைப் பிரிக்காமலே எக்ஸ்ரே எடுத்துக் கணினி வைத்துப் படித்து, 2024இல் சில பத்திகளை வெளியிட்டார்கள். அதுவும் பிலோடெமஸ் எழுதியதாக இருக்கலாம் என்கிறார்கள். அதில் வரும் பேச்சு என்ன தெரியுமா? அரிதாகக் கிடைக்கும் சாப்பாடு என்பதாலேயே அது அதிக ருசியாகிவிடுமா என்பது!