தேனியில் எந்த ஏர்போர்ட்டில் இறங்குவது?

"சென்னை – தேனி, விமானப் பயண நேரம் 1 மணி 4 நிமிடம்." ஊருக்கு ஊர் பயண நேரம் சொல்லும் இணையப் பக்கத்தில் இப்படி ஒரு வரி. இதைப் போட்டவர்கள் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். தேனியில் ஏர்போர்ட் எங்கே இருக்கிறது? தேனி மாவட்டத்தில் எங்கே தேடினாலும் பயணிகள் விமானம் இறங்க ஓர் இடம் கிடையாது. அப்புறம் எப்படி வந்தது அந்த 4 நிமிடம்?

கணக்கு இதுதான். இரண்டு ஊருக்கும் நடுவே மேப்பில் நேர்கோடு போட்டால் சுமார் 455 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் என்று வகுத்தால் 34 நிமிடம். ஏறவும் இறங்கவும் ஓர் அரைமணி சேர்த்துவிட்டால் முடிந்தது. விமானம் ஓடுகிறதா, ஓடுபாதை இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. காக்கா பறக்கிற தூரத்தை மனிதன் போகிற நேரம் என்று எழுதிவிடுகிறார்கள்.

போன மாதம் என் பெரியம்மா இறந்துபோனார். என்னைத் தூக்கி வளர்த்தவர். காலை ஐந்தரைக்குப் போன் வந்தது. கிடைத்த முதல் டிக்கெட் மதுரைக்கு 9.40 விமானம். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கவுன்டரை மூடிவிடுவார்கள் என்று பயந்து, ஆறேகாலுக்கே பெரம்பூரில் இருந்து கிளம்பி ஏழரைக்கு மீனம்பாக்கம் சேர்ந்தேன். விமானம் 45 நிமிடம் தாமதம். கேட்டால் "சாரி சார்". இரண்டு மணி நேரம் தாமதமானால்தான் சாப்பாடாவது தரவேண்டும் என்று விதி இருக்கிறது. முக்கால் மணி நேரத்துக்குக் கேட்க நாதி இல்லை. துக்கத்துக்குப் போகிறவனுக்கு அந்த முக்கால் மணி எவ்வளவு பெரியது என்று யாருக்குத் தெரியும்!

மதுரையில் இறங்கி வெளியே வரும்போது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. அங்கிருந்து காரில் செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய் என்று இன்னும் சுமார் 80 கிலோமீட்டர். உசிலம்பட்டி தாண்டும்போது மாமா போன் செய்தார்.

"என்ன மாப்ள, ஒரு மணி நேரம்னுதான போன்ல போட்டிருக்கு? காலையில சொன்னது, இன்னும் காணோமே. எல்லாரும் காத்துக் கிடக்காக."

நான் என்ன சொல்ல? மாமா மேல் தப்பே இல்லை. அவருடைய பேரன் போனில் பார்த்துச் சொல்லியிருக்கிறான், அவர் நம்பியிருக்கிறார். அதை வைத்து பத்து மணிக்குள் நான் வந்துவிடுவேன் என்று எல்லோரிடமும் சொல்லியும் இருக்கிறார். பத்தில் இருந்து ஒன்றரை வரை பார்த்துவிட்டு எடுத்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தது இரண்டு பத்துக்கு. வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். பந்தலுக்குக் கீழே நாலு சாமந்திப் பூ நனைந்து கிடந்தது.

எட்டு மணி நாற்பது நிமிடம்! ஐந்தரைக்கே காரை எடுத்திருந்தால்கூட அந்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன். சாலை வழியே சுமார் 500 கிலோமீட்டர்தான். உண்மையான நேரம் தெரிந்திருந்தால் மாமாவும் மூன்று மணிக்கு எடுக்கலாம் என்று முதலிலேயே சொல்லியிருப்பார். முகத்தைப் பார்த்திருப்பேன்.

அந்த வரியை எடுங்கள். எடுக்க மனமில்லை என்றால், "தேனியில் விமானம் இறங்காது, மதுரையில் இறங்கி இரண்டு மணி நேரம் காரில் போகவேண்டும்" என்று அதற்குக் கீழேயே, அதே அளவு எழுத்தில் போடுங்கள்.