கோபத்துக்குக் காரணம் அறியாமை அல்ல

நெருக்கடியில் சிக்கிய நாடுகளுக்கு நிபந்தனைகளோடு கடன் தரும் சர்வதேச நாணய நிதியத்தை (ஐ.எம்.எஃப்) மக்கள் வெறுப்பதற்குப் பொருளாதாரம் புரியாததே காரணம் என்கிறார், அதைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

1998 ஜனவரியில் ஜகார்த்தாவில் எடுக்கப்பட்ட புகைப்படத்தைப் பாருங்கள். நிதியத்தின் கடன் நிபந்தனைகளை ஏற்று இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோ குனிந்து கையெழுத்திடுகிறார். நிதியத்தின் தலைவர் மிஷேல் கேம்டெசு கைகளைக் கட்டியபடி அருகில் நின்று பார்க்கிறார். சுகார்த்தோ சர்வாதிகாரிதான், அவருக்காக நான் பரிந்து பேசவில்லை. ஆனாலும் அந்தப் படம் ஒரு தேசத்தின் அவமானமாகவே மனதில் தங்கிவிட்டது. தென்கொரியர்களோ அப்போது ஆசிய நாடுகளைத் தாக்கிய நிதி நெருக்கடியையே நிதியத்தின் பெயரால்தான் அழைக்கிறார்கள். நாட்டின் கடனை அடைக்க அங்கே சாதாரணக் குடும்பங்கள் திருமண மோதிரங்களையும், குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு வந்த தங்க மோதிரங்களையும் கழற்றிக் கொடுத்தன. இவர்களா விவரம் தெரியாதவர்கள்?

உள்ளூர் ஆட்சியாளர்கள் தங்கள் ஊழலை மறைக்க நிதியத்தின் மீது பழிபோடுவதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கிரேக்கத்தில் கடனுக்கு நிபந்தனையாக வந்த சிக்கன நடவடிக்கைகளின் பாதிப்பைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டதாக 2013-ல் நிதியமே ஒப்புக்கொண்டதே! ஓய்வூதியம் வெட்டப்பட்ட முதியவருக்கு அந்த ஒப்புதலால் என்ன கிடைத்தது? நிதியத்தின் முக்கிய முடிவுகளுக்கு உறுப்பு நாடுகளின் 85 சதவீத வாக்கு தேவை. அமெரிக்காவிடம் மட்டும் 16 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது; அதாவது, அது மறுத்தால் எதுவும் நிறைவேறாது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.