பையைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்பவருக்காக ஓர் ஆர்லாண்டோ ஒப்பீடு

டிஸ்னியா, யுனிவர்சலா என்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலுள்ள ஆர்லாண்டோவின் பொழுதுபோக்குப் பூங்காக்களைப் பற்றி நம்மவர்கள் விவாதிக்கும்போதெல்லாம் பேச்சு ரோலர் கோஸ்டரில்தான் போய் நிற்கிறது. எது வேகம், எது உயரம், எதில் வயிறு தொண்டைக்கு வரும். ஆனால் குடும்பமாகப் போகிறவர்களில் பலர் அவற்றில் ஏறுவதே இல்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா, உயரம் போதாத சிறுமி, முதுகுவலிக்காரர், கர்ப்பிணி. இவர்கள் மற்றவர்களுடைய கைப்பை, தொப்பி, கைபேசி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு வெளியே காத்திருக்கிறார்கள். அவர்கள் கொடுத்ததும் முழு டிக்கெட் விலைதான். இரண்டு இடங்களிலும் 3 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மட்டும்தான் டிக்கெட் இல்லை. 10 வயதானால் பெரியவர் கட்டணம். எழுபது வயதுக்காரருக்கும் அதே கட்டணம்.

ஆகவே என் கேள்வி வேறு. ஏறாதவருக்கு இந்தப் பூங்காக்கள் என்ன தருகின்றன? கோபிச்செட்டிபாளையம் பக்கம் வாழையும் மஞ்சளும் போட்டு வளர்ந்த அப்பா, முழங்கால் வலியோடு வந்த அம்மா, பதினைந்து வயது மகன், ஐந்து வயது மகள் என்று மூன்று தலைமுறையோடு இரண்டு இடங்களையும் சுற்றிப் பார்த்த பிறகு, அந்தக் கேள்விக்கு என்னிடம் உறுதியான பதில் இருக்கிறது. ஏறாதவருக்கு டிஸ்னிதான். அது ஏன் என்றும், அதே டிஸ்னிமீது எனக்கு ஏன் கோபம் என்றும் இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் எப்காட். 1982 அக்டோபர் 1 அன்று திறந்த டிஸ்னி பூங்கா. இளைஞர்கள் இதைச் சலிப்பானது என்பார்கள். என் அப்பாவுக்கு அமெரிக்காவிலேயே பிடித்த இடம் இதுதான். அங்கே ‘லிவிங் வித் த லேண்ட்’ என்று ஒரு படகுச் சவாரி இருக்கிறது. மெதுவாக நகரும் படகில் உட்கார்ந்தபடியே பசுமைக் குடில்களுக்குள் போகலாம். மண்ணே இல்லாமல் வேர் காற்றில் தொங்க, அதன்மேல் சத்துநீர் தெளித்து வளர்க்கிறார்கள். தக்காளிக் கொடி பந்தலாகப் படர்ந்து நிற்கிறது. மீன் வளர்ப்புத் தொட்டிகளும் உண்டு. வாழையும் பலாவும்கூட இருக்கின்றன. விளைவதில் ஒரு பகுதி டிஸ்னியின் உணவகங்களுக்கே போகிறது. அப்பா இறங்கியதும், அந்த நீரில் என்ன கலக்கிறார்கள், வேர் அழுகாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று என்னிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டார். மறுபடியும் போக வேண்டும் என்றார், போனோம். ஆளை உலுக்காத, தூக்கிப் போடாத ஒரு சவாரி, ஐம்பது ஆண்டு வயலில் நின்ற மனிதரைப் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள வைத்தது. பொழுதுபோக்குப் பூங்கா என்றால் இதையும் செய்யலாம் என்று யோசித்தவர்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

டிஸ்னியின் இன்னொரு பூங்காவான மேஜிக் கிங்டத்திலும் அப்படித்தான். ‘கரூசல் ஆஃப் புரோக்ரஸ்’ என்ற நாடகம் 1964ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக உருவானது. பிறகு கலிபோர்னியாவுக்குப் போய், 1975இல் ஃபுளோரிடாவுக்கு வந்தது. மேடை நடுவில் அப்படியே இருக்க, நாம் உட்கார்ந்திருக்கும் அரங்கம்தான் அதைச் சுற்றி நகர்கிறது. சுமார் இருபது நிமிடம், குளிர்சாதன வசதி, நல்ல இருக்கை. மின்சாரம் வருவதற்கு முன்பிருந்து ஒரு வீட்டின் அடுக்களை எப்படி மாறுகிறது என்பதுதான் கதை. அம்மாவுக்கு ஆங்கிலம் அதிகம் தெரியாது. ஆனால் மேடையில் நடப்பது முழுக்கப் புரிந்தது. விறகடுப்பிலிருந்து மின்னடுப்புவரை எல்லாவற்றிலும் சமைத்த பெண்ணுக்கு அதில் என்ன விளக்க வேண்டும்? பக்கத்திலேயே ‘பீப்பிள்மூவர்’ என்ற சிறு வண்டி மேல்தளத்தில் சுற்றி வருகிறது. காற்று வாங்கியபடி உட்கார்ந்து கீழே நடப்பதையெல்லாம் பார்க்கலாம்.

அனிமல் கிங்டத்தை யாரும் விட்டுவிடாதீர்கள். 1998இல் திறந்த பூங்கா. அங்குள்ள சஃபாரி, திறந்த லாரியில் பதினெட்டு, இருபது நிமிடம். ஒட்டகச்சிவிங்கி சில சமயம் வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்து வரும். ஆசியப் பகுதிக்கு ஆனந்தபூர் என்ற கற்பனை ராஜ்ஜியத்தின் பெயர் வைத்திருக்கிறார்கள். இடிந்த அரண்மனைச் சுவர்களுக்கு நடுவே புலிகள். சுவரின் கறை, கம்பியில் கட்டிய கொடித் துணி, மங்கிய விளம்பர எழுத்து எல்லாம் நம் பக்கத்து ஊர்களை ஊன்றிப் பார்த்த ஒருவரின் கைவேலை. இந்த அளவு கவனத்தை மதிக்கிறேன். எப்காட்டில் நாட்டுக்கு ஒன்றாக இருக்கும் பதினொரு அரங்கங்களில் இந்தியா இல்லை என்ற குறையை எனக்கு இது கொஞ்சம் ஆற்றியது.

இப்போது யுனிவர்சல். 1990 ஜூன் 7 அன்று முதல் பூங்கா, 1999இல் இரண்டாவது, 2010இல் ஹாரி பாட்டர் பகுதி, 2014இல் அதன் இரண்டாம் பாதியான டயகான் அலி, 2017இல் நீர்ப் பூங்கா, 2025 மே 22 அன்று எபிக் யுனிவர்ஸ் என்று வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. வேகம் விரும்புகிறவர்களுக்கு இது சொர்க்கம். 2021இல் வந்த வெலாசிகோஸ்டர் என்ற ரோலர் கோஸ்டர் மணிக்கு 70 மைல் வேகம். 51 அங்குல உயரம் வேண்டும். மகன் இறங்கி வந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் மறுபடியும் வரிசையில் போய் நின்றுகொண்டான். அந்த வயதில் டிஸ்னியில் அவனுக்கு அந்த வெறி வரவில்லை.

ஆனால் யுனிவர்சலின் புகழ்பெற்ற சவாரிகளில் பல, நாற்காலியை ஆட்டி உலுக்கியபடி பெரிய திரையில் படம் காட்டும் வகை. தலைசுற்றல் உள்ளவர், கழுத்து எலும்பு தேய்ந்தவர் பக்கத்திலேயே போகக்கூடாது. அந்தச் சவாரிகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது குறைவு. திறப்பு நாளிலிருந்து இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ‘ஈ.டி. அட்வென்ச்சர்’ சைக்கிள் சவாரி, டாக்டர் சியூஸின் குழந்தைக் கதைகளை வைத்துச் சின்னக் குழந்தைகளுக்காக அமைத்த பகுதி, ஓரிரண்டு மேடை நிகழ்ச்சிகள், டயகான் அலியின் கடைத்தெரு. கடைத்தெருவைக் குறைவாகச் சொல்லவில்லை. வங்கிக் கட்டடத்தின் உச்சியிலிருக்கும் டிராகன் நெருப்புக் கக்கும்போது என் மகள் பயந்து சிரித்த சிரிப்பு தனி. இரண்டு பூங்காக்களையும் இணைக்கும் ரயில் இன்னொரு நல்ல யோசனை. போகும்போது ஒரு கதை, வரும்போது வேறு கதை, பெட்டிக்குள் உட்கார்ந்தபடியே. ஆனால் அந்த ரயிலில் ஏற இரண்டு பூங்காக்களுக்கும் ஒரே நாளில் செல்லும் டிக்கெட் வேண்டும். முதல் முறை போகிறவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

யுனிவர்சலை எல்லா விஷயத்திலும் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. காத்திருப்பவரைப் பற்றி அது டிஸ்னியைவிட நன்றாக யோசித்த இடங்கள் உண்டு. சிறு குழந்தையோடு போகிறவர்கள் குடும்பமாகவே வரிசையில் நடந்து கடைசிவரை போகலாம். சவாரிக்குப் பக்கத்தில் ஓர் அறை இருக்கும். ஒருவர் ஏறிவிட்டு வரும்வரை மற்றவர் குழந்தையோடு அங்கே உட்காரலாம், பிறகு மாறிக்கொள்ளலாம். டிஸ்னியிலும் மாறி மாறி ஏறும் வசதி இருக்கிறது. ஆனால் குழந்தையை வைத்திருப்பவர் பொதுவாக வெளியில்தான் காத்திருக்க வேண்டும், தன் முறை வரும்போது விரைவு வரிசை வழியாகப் போகலாம். வெயிலில் நிற்கும் தாய்க்கு அந்த அறையின் அருமை தெரியும். எந்தச் சவாரியில் பையோடு ஏற முடியாதோ, அங்கே சிறிய பெட்டகங்கள் இலவசம். தனியாக ஏற ஒப்புக்கொள்பவருக்கான வரிசையும் யுனிவர்சலில் அதிகம். மகனைப் போன்றவர்களுக்கு அது பெரிய வசதி.

நடையைப் பார்ப்போம். யுனிவர்சலின் பழைய இரண்டு பூங்காக்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரே வாகன நிறுத்தம், நகரும் நடைபாதை, ஒரு கடைவீதி, அதன் இரு பக்கமும் இரண்டு வாசல்கள். புதிய எபிக் மட்டும் சில மைல் தள்ளி இருக்கிறது. டிஸ்னி பிரமாண்டம். நான்கு பூங்காக்கள், இருபத்தைந்தாயிரம் ஏக்கர் அளவிலான நிலம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வாகனம் வேண்டும். எப்காட்டின் நாட்டு அரங்கங்களை ஒரு சுற்று வந்தாலே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். இருந்தாலும் அந்தத் தூரத்தை டிஸ்னி ஒரு சுகமாக மாற்றியிருக்கிறது. மோனோரயில், படகு, 2019இல் வந்த ஸ்கைலைனர் என்ற கம்பிவடத் தொட்டில். மோனோரயில் விலையுயர்ந்த விடுதிகளைத்தான் ஒட்டிப் போகிறது. ஸ்கைலைனரோ குறைந்த விலை விடுதிகளுக்கும் போகிறது. இதில் எதற்கும் தனிக் கட்டணம் இல்லை. ஏரிக்கு மேலே அந்தத் தொட்டிலில் போகும்போது அம்மா கால் வலியைப் பற்றிப் பேசவில்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கூச்சப்படாமல் முதல் நாளே சக்கர நாற்காலி வாடகைக்கு எடுங்கள். வரிசையில் காத்திருக்க முடியாதவர்களுக்கான தனி அனுமதியை டிஸ்னி 2024இல் இறுக்கி, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிசார் குறைபாடு உள்ளவர்களை முதன்மையாகக் கருதி வரையறுத்துவிட்டது. மூட்டுவலிக்காரர் அதை நம்பிப் போகக்கூடாது.

சாப்பாட்டில் டிஸ்னி வெகு தூரம் முன்னால் இருக்கிறது. வெளி உணவை உள்ளே கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாத்திரம் கூடாது. புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு போய் நிழலில் உட்கார்ந்து சாப்பிடும் பெற்றோருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை! யுனிவர்சலில் தண்ணீரும் சிறு தின்பண்டமும் போன்றவற்றைத் தாண்டி அனுமதி குறைவு. அனிமல் கிங்டம் லாட்ஜ் விடுதியில் ‘சனா’ என்ற உணவகம். நாண் முதலான ரொட்டிகளோடு சட்னி வகைகளை வரிசையாக வைக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே வரிக்குதிரை மேய்கிறது. சைவக்காரரான அப்பா அங்கே வயிறாரச் சாப்பிட்டார்.

இனி என் கோபம். 1971இல் மேஜிக் கிங்டம் திறந்தபோது நுழைவுக்கு 3.50 டாலர், ஒவ்வொரு சவாரிக்கும் தனிச் சீட்டு. ஏ முதல் ஈ வரை தரம் பிரித்த சீட்டுப் புத்தகம், பெரிய சவாரிகளுக்கு ஈ சீட்டு. 1980களின் தொடக்கத்தில் அதை ஒழித்து, ஒரே டிக்கெட்டில் எல்லாம் என்று ஆக்கினார்கள். 1999இல், நீண்ட வரிசையில் நிற்காமல் ஏற உதவும் ஃபாஸ்ட்பாஸ் வந்தது. சவாரிக்குப் பக்கத்தில் இருந்த இயந்திரத்தில் டிக்கெட்டைச் செருகினால் திரும்பி வரவேண்டிய நேரத்தை அச்சிட்டுக் கொடுக்கும். காசு கிடையாது. பணக்காரரும் கடன் வாங்கி வந்தவரும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டார்கள். 2020இல் பெருந்தொற்றோடு அது நின்றது. 2021 அக்டோபரில் திரும்பி வந்தபோது ஆளுக்கு நாளொன்றுக்கு 15 டாலரில் தொடங்கும் கட்டணச் சேவையாக வந்தது. 2024இல் பெயர் மாற்றி, முன்பதிவையும் சேர்த்தார்கள். டிஸ்னி விடுதியில் தங்குபவர் ஏழு நாள் முன்பே பதிவு செய்யலாம், மற்றவர் மூன்று நாள் முன்பு. அதே ஆண்டில் எல்லாவற்றுக்கும் மேலாக, விரைவு வரிசைக்கே இன்னும் விலை கூடிய ஒரு பிரீமியர் பாஸ் வந்தது. நெரிசலான நாட்களில் மேஜிக் கிங்டத்தில் ஒருவருக்கு அது மட்டுமே 400 டாலரைத் தாண்டும். நுழைவுச் சீட்டு தனி.

யுனிவர்சலின் விரைவு வரிசைக்கான எக்ஸ்பிரஸ் பாஸ் பல ஆண்டுகளாகக் காசுக்குத்தான். அதன் மூன்று உயர்தர விடுதிகளில் தங்கினால் பழைய இரண்டு பூங்காக்களுக்கும் அது இலவசமாகச் சேர்ந்து வரும். விடுதி வாடகையில் அதன் விலை ஒளிந்திருக்கிறது என்பது வேறு விஷயம். நான்கு பேர் கொண்ட குடும்பம் கணக்குப் போட்டுப் பார்த்தால், சில நாட்களில் பாஸைத் தனியே வாங்குவதைவிட அங்கே ஓர் இரவு தங்குவது மலிவு.

நமக்கு இது புதிதில்லை. கோயிலில் தர்ம தரிசன வரிசை அசையாமல் நிற்கும்போது, பக்கத்தில் கட்டண தரிசன வரிசை ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதனால்தான் நம்மவர்கள் பலர் இதைக் கேள்வி கேட்காமல் வாங்குகிறார்கள். நான் கேட்கிறேன். ஒரு சவாரி ஒரு மணி நேரத்தில் ஏற்றக்கூடிய ஆட்களின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. விரைவு வரிசையில் ஒருவரை முன்னால் விட்டால், சாதாரண வரிசையில் ஒருவர் கூடுதல் நேரம் நிற்கிறார். ஆக, விற்கப்படும் நேரம் இன்னொருவரிடமிருந்து எடுக்கப்பட்ட நேரம். அந்த இன்னொருவர் பெரும்பாலும் காலையிலேயே கைபேசியில் பதிவு செய்யத் தெரியாதவர், வாழ்நாளில் ஒரே ஒரு முறை வந்தவர், பிள்ளையின் ஆசைக்காகச் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தோடு வந்தவர். இரு நிறுவனங்களும் இதைச் செய்கின்றன. டிஸ்னிமீது கோபம் அதிகம், ஏனென்றால் அது இருபது ஆண்டுகள் நியாயமாக நடத்திக் காட்டிவிட்டுப் பிறகு கைவிட்டது. முடியாத காரியம் என்று அவர்கள் சொல்ல முடியாது.

அப்படியானால் எங்கே போவது? பெற்றோரோடும் சிறு குழந்தைகளோடும் என்றால் டிஸ்னி. அதிலும் எல்லோரும் சொல்லும் மேஜிக் கிங்டத்தை முதலில் வைக்காதீர்கள். எப்காட்டும் அனிமல் கிங்டமும் முதலில். அவற்றில் விரைவு வரிசைக்குக் காசு கொடுக்காமலே ஒரு முழு நாள் நிறைவாகக் கழியும், பெரியவர்களுக்குப் பிடித்தவை பெரும்பாலும் நீண்ட வரிசை இல்லாதவை. வளர்ந்த பிள்ளைகள் மட்டும் என்றால் யோசிக்காமல் யுனிவர்சல். எல்லோரும் சேர்ந்து போகிறீர்கள் என்றால் டிஸ்னி பக்கம் தங்கி, ஒரு நாள் மட்டும் யுனிவர்சலுக்கு இரு பூங்கா டிக்கெட் எடுங்கள். இரண்டுக்கும் நடுவே காரில் அரை மணி நேரப் பயணம்தான்.

கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தைத் தவிருங்கள். கோடையில் போனால் பிற்பகல் இடிமழை வரும். மின்னல் அருகில் வந்தால் வெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். ஜனவரி பிற்பகுதி, பிப்ரவரி முற்பகுதியில் வெயிலும் குறைவு, கூட்டமும் ஒப்பளவில் குறைவு. பள்ளி விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும், ஆனால் தாத்தா பாட்டியோடு போவதற்கு அந்த விடுப்பை எடுக்கலாம்.