இரண்டு பேருக்குக் கூழ் காய்ச்ச முடியாது

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் குடியேறினவர்கள் எல்லோரும் ஒரே பல்லவியைத்தான் பாடுகிறார்கள். "கொழும்புச் சனம் முகம் பார்க்காது, பக்கத்து வீட்டில் ஆள் செத்தாலும் தெரியாது." நானும் ஒன்றரை வருடம் நல்ல சுருதியோடு பாடினேன். இப்போது யாராவது அதைத் தொடங்கினால் எனக்குக் கோபம் வருகிறது, முதலில் என் மேலேயே.

ஏனென்றால் அந்த ஒன்றரை வருடமும் நாங்கள் கொழும்பில் இருக்கவே இல்லை. வெள்ளி பின்னேரம் இவர் வேலையால் வந்ததும் வராததுமாக உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு காலி வீதிக்கு ஓடுவோம், இரவு பஸ், கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர், விடிய யாழ்ப்பாணம். சனிக்கிழமை பாதி நித்திரையிலேயே போய்விடும். ஞாயிறு மத்தியானம் மாமி சோறு போடும்போதே "எத்தனை மணிக்குப் பஸ்?" என்று கேட்பா. திங்கள் விடியற்காலை வெள்ளவத்தையில் இறங்கி, மகளை முகம் கழுவவைத்துப் பள்ளிக்கூடம் அனுப்பினால் அவள் முதல் பாடத்திலேயே தூங்கி விழுவாள். ஐந்து நாள் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓர் ஊரில் தங்கிவிட்டு, மிச்ச இரண்டு நாளும் அங்கே நிற்காமல் ஓடிவிட்டு, அந்த ஊர் எங்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று குறை சொன்னால் என்ன நியாயம்?

ஊருக்குப் போகாத கிழமைகளில் மோல். ஏசிக்குள் இரண்டு சுற்று, பிள்ளைக்கு ஐஸ்கிரீம், தேவையில்லாத ஒரு பிளாஸ்டிக் சாமான், வீட்டுக்கு வந்து செலவான காசை எண்ணிப் பார்ப்பது. இத்தனைக்கும் காலிமுகத்திடல் ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறது. 1859இல் அதை அமைத்து முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்கள், பிள்ளைகளின் நன்மைக்காக அதைப் பேணச் சொல்லித் தனக்குப் பின்னால் வருபவர்களுக்குக் கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார். நானும் பிள்ளையும் என்றால் மோலில் எஸ்கலேட்டருக்கு வரிசையில் நின்றோம். அவ்வளவு தூரம்கூட வேண்டாம். எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் மரைன் டிரைவ், தண்டவாளத்தைக் கடந்தால் கல்லும் கடலும் (இரண்டு பக்கமும் பார்த்துக் கடவுங்கள், கோச்சி சத்தம் அலையில் கேட்காது). அங்கே முதன்முதலில் போய் உட்கார எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது.

சிநேகிதர்கள் கதை இதைவிட மோசம். என்னோடு ஒன்றாகப் படித்த ஒருத்தி கிருலப்பனையில் இருக்கிறாள், ஓட்டோவில் பத்து நிமிடம். அந்த ஒன்றரை வருடத்தில் மூன்று தரம் சந்தித்தோம். அதில் இரண்டு தரம் யாழ்ப்பாணத்தில், நல்லூர்த் திருவிழாவில்!

மாற்றம் நாங்கள் யோசித்துச் செய்ததில்லை. ஒரு வெசாக்குக்கு பஸ்ஸில் சீட் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். வீட்டிலேயே முடங்கிக் கிடந்தபோது கீழ்மாடிச் சிங்கள அங்கிளும் ஆன்ட்டியும் வந்து "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, வெசாக் விளக்குக் கூடு பார்க்கலாம்" என்றார்கள். தோரணம் பார்த்து, சாப்பாடு சும்மா கொடுக்கிற ஒரு தன்சல் வரிசையில் முக்கால் மணித்தியாலம் நின்று அவித்த கடலை வாங்கித் தின்று, நடுச்சாமம் தாண்டித்தான் வீட்டுக்கு வந்தோம். எனக்குத் தெரிந்த சிங்களம் கடைக்குத்தான் காணும். ஆன்ட்டிக்குத் தமிழ் அதைவிடக் கொஞ்சம். ஆனாலும் வழி நெடுகக் கதைத்துக்கொண்டுதான் வந்தோம்.

அடுத்த ஞாயிறு கூழ் காய்ச்சினேன். கூழ் பற்றித் தெரிந்தவர்களுக்குப் புரியும், இரண்டு பேருக்கும் ஒரு சின்னப் பிள்ளைக்கும் அதைக் காய்ச்ச முடியாது. ஒடியல் மாவை, அதுதான் காயவைத்த பனங்கிழங்கு மாவை, ஊறவிட்டு, மேலே தெளிகிற தண்ணீரை வார்த்து, திரும்ப ஊறவிட்டுக் கசப்பு எடுக்க வேண்டும். மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை என்று ஒவ்வொன்றிலும் ஒரு பிடி போட்டாலே பானை நிறைந்துவிடும். ஆள் வேண்டும். கிருலப்பனைக்காரியைக் குடும்பத்தோடு வரச்சொன்னேன், இவருடைய கந்தோர்ப் பெடியள் இரண்டு பேர், போர்டிங் சாப்பாட்டில் காய்ந்துபோனவர்கள், கூப்பிட முதலே வந்துவிட்டார்கள். புளியும் அரைத்த மிளகாயும் கொதிக்கிற வாசம் படிக்கட்டு வழியாக இறங்கியிருக்க வேண்டும், ஆன்ட்டி கதவைத் தட்டி "மொனவத உயன்னே?" என்றா. என்ன சமைக்கிறேன் என்று சொல்ல என்னிடம் சொல் இல்லை, ஒரு கோப்பையை நீட்டினேன். ஊரில் கூழ் குடிக்க மடிக்கிற பிளாவுக்குப் பனையோலைக்கு இங்கே எங்கே போவது, தேத்தண்ணிக் கோப்பைதான். உறைப்பில் அவவுக்குக் கண்ணீர் வந்தது, ஆனால் இரண்டாம் கோப்பை கேட்டா.

இப்போது மாதம் ஒருமுறைதான் ஊர். மாமிக்கு மனவருத்தம்தான், மறைக்க மாட்டேன். போனில் குரல் மாறும்போது எனக்கும் கஷ்டமாக இருக்கிறது, அதற்கு என்னிடம் மருந்தில்லை. மகளின் ஞாயிறு வகுப்பையும் நிறுத்திவிட்டேன். நாலாம் வகுப்புப் பிள்ளை, அடுத்த வருடம் புலமைப்பரிசில் சோதனை, உனக்குப் பைத்தியமா என்று கேட்காத ஆள் இல்லை. சனிக்கிழமை வகுப்பு இருக்கிறது, அது காணும்.

ஊரில் என்றால் படலையைத் தள்ளிக்கொண்டு "இருக்கிறியளோ?" என்று குரல் கொடுத்தால் சரி. இங்கே கீழே செக்கியூரிட்டி ஐயா ஒரு கொப்பி வைத்திருக்கிறார். பெயர், அடையாள அட்டை நம்பர், வந்த நேரம், எந்த வீடு, எல்லாம் எழுதவேண்டும். அதைப் பார்த்தே பாதிப் பேர் திரும்ப வருவதில்லை. கூழ் காய்ச்சின அன்றைக்குக் கொப்பியில் அந்தப் பக்கம் முழுக்க எங்கள் வீட்டு நம்பர்தான். கடைசியில் பானையை வழித்து அவருக்கும் ஒரு கோப்பை கொண்டுபோய்க் கொடுத்தேன். போன ஞாயிறு கிருலப்பனைக்காரி வந்தபோது கொப்பியை நீட்டவே இல்லையாம். "மேலே இன்றைக்கும் அது இருக்கோ?" என்று மட்டும் கேட்டாராம்.