பத்தாம் வகுப்புக்கும் 'சொல்வதை எழுதுதல்' வேண்டும்

அண்ணன் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஜூன் மாதம் அவளுடைய தமிழ் நோட்டை வாங்கிப் புரட்டினேன். 'வளர்ந்தாள்' என்ற சொல்லுக்குப் பகுபத உறுப்பிலக்கணம். வளர் பகுதி, த் சந்தி, த் ந் ஆனது விகாரம், த் இறந்தகால இடைநிலை, ஆள் பெண்பால் வினைமுற்று விகுதி. ஒரு குறையும் இல்லை, முழு மதிப்பெண். இரண்டு பக்கம் தள்ளிச் சுற்றுச்சூழல் கட்டுரை. அதில் 'மரங்களை வழர்ப்பது நமது கடமை' என்று எழுதியிருந்தாள், அடுத்த வரியிலேயே 'முயற்ச்சி'.

எனக்கு அன்று மனசே சரியில்லை. 14 வருடமாக ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, ஆண்டு மலர், அஞ்சலி போஸ்டர் என்று எல்லாம் என் மேசைக்கு வரும். 'இரங்கல்' என்பதை 'இறங்கல்' என்று எழுதிக்கொண்டு வருகிறவர்களில் பட்டதாரிகளும் உண்டு. அந்தப் பிழையெல்லாம் எங்கே ஆரம்பிக்கிறது என்று அந்த நோட்டைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

பிள்ளைகளுக்கு இலக்கணம் தெரியாமல் இல்லை. ஒரு மதிப்பெண் வினாவுக்கு வேண்டிய இலக்கணம் நன்றாகவே தெரியும், மனப்பாடப் பாட்டை அடிபிறழாமல் எழுதவும் தெரியும். அந்த இலக்கணத்துக்கும் தான் சொந்தமாக எழுதுகிற வாக்கியத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பதை மட்டும் யாரும் காட்டித் தரவில்லை. சின்ன வகுப்பில் 'சொல்வதை எழுதுதல்' என்று ஒன்று இருந்தது. ஆசிரியர் வாசிப்பார், காதால் கேட்டு எழுதுவோம். நான் பார்த்த பள்ளிகளில் ஆறாம் வகுப்பு வந்ததும் அது நின்றுவிடுகிறது. சொற்கள் பெரிதாகி வாக்கியங்கள் நீளும் வயதில்தான் அது கூடுதலாக வேண்டும். பத்தாம் வகுப்பு வரைக்கும் தினமும் பத்து நிமிடம் சொல்வதை எழுதுதல் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நாங்கள் வீட்டில் செய்தது இதுதான். பாடப் புத்தக உரைநடையிலோ அன்றைய செய்தித்தாள் தலையங்கத்திலோ எட்டு வரி எடுத்துக்கொள்வோம். முதலில் அவள் சத்தமாக வாசிக்க வேண்டும். அப்புறம் நான் வாசிக்க, அவள் எழுதுவாள். திருத்துவது நான் இல்லை. அச்சான பக்கத்தை அவளே பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, பிழையைச் சுழித்து, தனி நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும். சிவப்பு மையால் நாம் அடித்துக் கொடுத்தால் பிள்ளை மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடும், தானே தேடிக் கண்டுபிடித்த பிழைதான் மறக்காது. என் தொழிலில் நான் பழகிய வழியும் இதுதான்.

இரண்டு மாதம் கழித்து அந்த நோட்டைப் பார்த்தால், நூறு விதமான பிழைகள் இல்லை. நாலைந்து வகைதான், திரும்பத் திரும்ப.

ல, ள, ழ குழப்பம் வாயில் இருந்து வருவது. எங்கள் மதுரைப் பக்கம் பழம் என்பது பேச்சில் பளம்தான், வாழை வாளைதான். அது அவள் வீட்டு மொழி, அதற்காக ஒரு பிள்ளையைக் கேலி செய்தால் அப்புறம் அது வாயே திறக்காது, தயவுசெய்து செய்யாதீர்கள். எழுதுவதற்கு ஓர் உச்சரிப்பு தனியாகப் பழக வேண்டும், அவ்வளவுதான். தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இருக்கிறது. நாக்கின் நுனி மேலே வளைந்து அண்ணத்தை வருடினால் ழ பிறக்கும் என்று அதில் சொல்லியிருக்கிறது. படித்துவிட்டுச் செய்து பார்த்தோம், வந்தது. ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்த கதையை ஒரு வாரம் வீடே சொல்லிக்கொண்டிருந்தது.

ந, ன, ண விஷயத்தில் காது உதவாது. ந, ன இரண்டும் இன்று நம்மில் பெரும்பாலோர் வாயில் ஒரே ஒலிதான். 'மூன்று சுழி, இரண்டு சுழி' என்று சொல்லிக் கொடுத்தால் வடிவம்தான் தெரியும். இடம் தெரிய வேண்டுமானால் டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்ற பழைய பெயர்களைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ட வருகிற இடத்தில் ண் (வண்டு), ற வருகிற இடத்தில் ன் (கன்று), த வருகிற இடத்தில் ந் (பந்து). பெயரிலேயே விதி இருக்கிறது.

'முயற்ச்சி', 'பயிற்ச்சி', 'அதற்க்கு', 'கட்ச்சி' எல்லாம் ஒரே பிழை. ட், ற் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு மெய்யைப் புள்ளியோடு போட முடியாது. முயற்சி, அதற்கு, கட்சி. வளர்ச்சி, மகிழ்ச்சி, வாய்ப்பு இவற்றில் வருகிறதே என்று கேட்டாள். நல்ல கேள்வி! ய், ர், ழ் மூன்றுக்கும் பின்னால் வரலாம். இந்த ஒரு விதியில் அவளுடைய பிழைகளில் பெரும்பகுதி போய்விட்டது.

வல்லினம் மிகுதல், மிகாமை என்றாலே பிள்ளைகள் பயப்படுகிறார்கள், ஏனென்றால் அது அவர்களுக்குப் பட்டியலாகத்தான் வருகிறது. பொருளில் இருந்து தொடங்கிப் பாருங்கள். 'வேலை கொடுத்தான்' என்றால் ஒருவனுக்கு உத்தியோகம் கிடைத்தது. 'வேலைக் கொடுத்தான்' என்றால் கையில் இருந்த வேலாயுதத்தைக் கொடுத்துவிட்டான். 'தந்த பலகை' யாரோ கொடுத்தது, 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தால் ஆனது. ஒரு ஒற்று இவ்வளவு செய்கிறது என்று தெரிந்த பிறகுதான் அவள் வேலோடு சேர்ந்து 'வேலை' ஆக்குகிற 'ஐ' என்ற இரண்டாம் வேற்றுமை உருபைப் பற்றி ஆர்வமாகக் கேட்டாள்.

அப்புறம் கைபேசி. இதைப் பலர் கவனிப்பதில்லை. பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். அதில் ந, ன, ண மூன்றுக்கும் ஒரே எழுத்து, எது சரி என்று போன் ஊகித்துப் போடுகிறது. இப்படி நாளெல்லாம் அடிக்கிற கை தேர்வுத் தாளில் மட்டும் எப்படிச் சரியாகப் பிரிக்கும்? தமிழ்99 விசைப்பலகையைப் பழக்குங்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற அமைப்பு அது. 31 விசைகளில் 247 எழுத்துகளும் வந்துவிடும். ந, ன, ண ஒவ்வொன்றுக்கும் தனி விசை. ன அடித்து ற அடித்தால் புள்ளி தானாக விழுந்து 'ன்ற' என்று வரும், ந அடித்து த அடித்தால் 'ந்த'. றன்னகரமும் தந்நகரமும் விரலிலேயே பதிந்துவிடும். கைபேசியில் தமிழ் அடிப்பதற்கான செல்லினம் செயலியில் இது இருக்கிறது. அவளுக்கு முதல் வாரம் எரிச்சல்தான், மூன்றாவது வாரம் என்னைவிட வேகமாக அடித்தாள்.

வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்று நாம் இங்கே வருடக்கணக்காகச் சண்டை போடுகிறோம். அந்த நேரத்தில் பத்து நிமிடம் வீட்டுப் பிள்ளையோடு உட்காருங்கள். தமிழாசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு வகுப்பு நோட்டு முழுவதையும் தனி ஆளாகத் திருத்துவது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பிள்ளைகளே ஒப்பிட்டுத் திருத்தட்டும் என்கிறேன். பாடவேளையின் முதல் பத்து நிமிடம் போதும்.

போன வாரம் பேருந்தில் போகும்போது ஒரு சுவரைக் காட்டினாள். 'இச்சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்'. "அத்தை, இது தப்புதானே? கிணறுக்கு ற இருக்கு, அதனால கிணற்றில். சுவருக்கு ர தானே, சுவரில்னுதானே வரணும்?" இந்த விதியை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவே இல்லை. இப்போது நோட்டில் மிச்சம் இருப்பது ஒருமை பன்மை. 'மாடுகள் மேய்ந்தது' என்றுதான் இன்னும் எழுதுகிறாள், இந்த மாதம் அதைப் பார்க்க வேண்டும்.